தொகைச் சொல்லும் வாசகரும்: இலக்கண வரலாற்றுக் குறிப்பொன்று

இரு சொற்கள் உருபின்றி அடுத்து நிற்கையில் அவற்றிடையே உள்ள உறவைத் தீர்மானிப்பது யாது? சொல்லின் வடிவமா, வாசிப்பவரின் அறிவா? மொழியியலாளரும் உளவியலாளரும் ஆராயும் இவ்வினாவைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே எதிர்கொண்டுள்ளது.

தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் ‘தடுமாறு தொழிற்பெயர்’ பற்றிக் கூறுகின்றது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் ‘புலிகொல் யானை’ என்பதாகும். புலியைக் கொன்ற யானை எனவும், புலியாற் கொல்லப்பட்ட யானை எனவும் இது பொருள்படும். யானை ஓடுகின்றது எனத் தொடர்ந்தால் கொன்றது யானை; யானையின் கோடு வந்தது எனத் தொடர்ந்தால் கொன்றது புலி. பின்வரும் சொல்லைக் கொண்டு உணர்வோரே வேறுபாட்டைத் தெரிந்துகொள்வர் என்பது தொல்காப்பியர் கருத்து. இவ்வாறு வாசகரும் இலக்கணத்துள் இடம்பெறுகின்றார்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், தொகைகள் 2 முதல் 7 வரையான பொருள்களில் மயங்கும் என வரையறுத்தார். உரைகாரர் ‘மரவேலி’ என்பதற்கு ஆறு விரிகள் காட்டுவர். மரத்தைக் காக்கும் வேலி, மரத்தாலாகிய வேலி, மரமாகிய வேலி என்பன அவற்றுட் சில. மூன்றும் வெவ்வேறு பொருள்களைச் சுட்டுவன.

ஏட்டுக் கல்வியில் இம்மயக்கத்தைத் தீர்த்தது ஆசிரியரின் வாய்மொழி. ஆதலின், விரித்துரைக்கும் உரிமையும் கல்வி வாய்ப்புப் பெற்ற சிலரிடமே தங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சுப் பரவ, ஆசிரியரின்றித் தனித்து வாசிப்போர் பெருகினர். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையில் நிறுத்தக் குறியீடுகளைக் கையாண்டமையை இப்பின்னணியிலும் நோக்கலாம். குரல் செய்த பணியில் ஒரு பகுதியைக் குறியீடு ஏற்றது. ஆயினும், வாக்கியத்தைப் பிரித்துக் காட்டும் காற்புள்ளி தொகையை விரித்துக் காட்டாது.

இது வெறும் இலக்கணப் பிரச்சினையன்று. ‘தொழிலாளர் கட்டுப்பாடு’ என்னும் தொடரை நோக்குக. தொழிலாளரைக் கட்டுப்படுத்துதல் என்பது ஒரு பொருள். உற்பத்தியின்மீது தொழிலாளர் செலுத்தும் கட்டுப்பாடு என்பது மற்றொன்று. முன்னதில் அவர்கள் ஆளப்படுவோர், பின்னதில் ஆள்வோர். புலியும் யானையும் போலவே இங்கும் வெல்பவர் யாரெனத் தொகை சொல்வதில்லை.

ஆதலின், சட்டமும் அறிக்கையும் எழுதுவோர் உருபுகளை விரித்தெழுதுதல் நடை அழகுக்காக மட்டுமன்று. பொது வாசகருக்கு அவர்கள் செலுத்த வேண்டிய கடனுமாகும். உணர்வோர் சிலரென்ற நிலையை மாற்றி, உணர்வோர் யாவரும் என ஆக்குவதே மக்கள் கல்வியின் நோக்கமாதல் வேண்டும்.