இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணமுறிவு

இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் வயது, பாலினம், கல்வி ஆகியவற்றுடன் மண நிலையும் பதிவு செய்யப்படுகிறது. திருமணம், கைம்மை, பிரிவு, மணமுறிவு பற்றிய நாடு தழுவிய விவரங்களுக்கு இதுவே முதன்மையான அடிப்படை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் மட்டுமே கட்டாயமாகப் பதியச் செய்கிறது. நாடு முழுவதும் ஓராண்டில் எத்தனை மணமுறிவுகள் நிகழ்ந்தன என்று கூறும் பொதுப் பதிவேடு கிடையாது. ஆகவே, மண நிலைக்கான அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதப்பட்டது, எதை எழுத இடமில்லாமல் போனது என்பது ஒரு வரலாறாகவே அமைந்துள்ளது.

மூன்று பிரிவுகளின் காலம்

1881இல் நடந்த கணக்கெடுப்பே இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் நடத்தப்பட்ட முதல் கணக்கெடுப்பு. அதில் மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர் என்ற மூன்று பிரிவுகள் மட்டுமே இருந்தன. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளில், மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாதவரைத் துணையை இழந்தவராக எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கணவன் உயிரோடு இருக்கும்போதே பல பெண்கள் கணக்கில் கைம்பெண்களாக ஆயினர்.

ஆனால் மணமுறிவு அக்காலத்தில் இல்லாத ஒன்றன்று. தமிழகத்தின் பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உறவைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 'அறுத்துக் கட்டுதல்' என்பது பழைய தாலியை நீக்கி மறுமணம் செய்துகொள்வதைக் குறிக்கும். உறவு முடிந்ததற்கு அடையாளமாகத் துரும்பைக் கிள்ளிப் போடும் அல்லது முறித்துப் போடும் வழக்கமும் சில சமூகங்களில் இருந்தது. இவை எதுவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வேறு சில சமூகங்களிலோ பெண்ணுக்கு மணமுறிவும் இல்லை, மறுமணமும் இல்லை.

சட்டங்களின் வரிசை

கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டிலேயே மணமுறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் முசுலிம் பெண்கள் நீதிமன்றம் வழியாக மணமுறிவு கோர வழி செய்தது. தமிழகத்தில் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு மணமுறிவு உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை அளிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தது. வழக்காற்றின்படி செய்யப்படும் மணமுறிவும் செல்லும் என்று அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்றுக்கொண்டது.

1968இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லத்தக்கவை ஆக்கியது. 1976இல் இருவரும் மனமொத்துப் பிரியும் வழி இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1984இல் குடும்ப நீதிமன்றங்களுக்கான சட்டம் வந்தது. 2009இல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. திருமணத்தைப் பதிவு செய்ய இவ்வாறு ஏற்பாடு வந்தபோதும், சேர்ந்து வாழாமல் பிரிந்திருப்போரைப் பதிவு செய்ய எந்த ஏற்பாடும் இல்லை.

திருமண வயதில் மாற்றம்

மணமுறிவைவிடத் திருமண வயதையே கணக்கெடுப்பு தெளிவாகக் காட்டியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களின் சராசரி திருமண வயது ஏறத்தாழ 13. 1961இல் அது சுமார் 16 ஆகவும், 1991இல் சுமார் 19 ஆகவும் உயர்ந்தது.

இந்த உயர்வு நேர்கோட்டில் நிகழவில்லை. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பெற்றோர் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்கு மணம் முடித்தனர். இதன் விளைவாக 1921க்கும் 1931க்கும் இடையே 15 வயதுக்குட்பட்ட மனைவியரின் எண்ணிக்கை சுமார் 85 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சமாகக் கூடியது. குழந்தை மணத்தைத் தடுக்க வந்த சட்டமே அந்தக் கணக்கெடுப்பில் குழந்தை மணத்தைக் கூட்டிக் காட்டியது. புள்ளிவிவரத்தை அதன் காலச் சூழலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பெண்ணின் திருமண வயது 1978இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் 2005-06இல் 47.4 விழுக்காடு, 2019-21இல் 23.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2019-21இல் இது 12.8 விழுக்காடு.

2011: பிரிக்கப்பட்ட ஒரு கட்டம்

1961 முதல் 2001 வரையிலான கணக்கெடுப்புகளில் மணமுறிவு பெற்றவரும் பிரிந்து வாழ்பவரும் ஒரே பிரிவில் சேர்த்து எண்ணப்பட்டனர். 2011இல் இவ்விரண்டும் தனித்தனியாக எண்ணப்பட்டன. கிடைத்த விவரம் வருமாறு:

மணமுறிவு பெற்றவர்கள்: சுமார் 13.6 லட்சம். இவர்களில் பெண்கள் 9.1 லட்சம், ஆண்கள் 4.5 லட்சம்.

பிரிந்து வாழ்பவர்கள்: சுமார் 35.3 லட்சம். இவர்களில் பெண்கள் 23.7 லட்சம், ஆண்கள் 11.6 லட்சம்.

மணமானோரில் மணமுறிவு பெற்றவர்கள் 0.24 விழுக்காடு, பிரிந்து வாழ்பவர்கள் 0.61 விழுக்காடு. மணமுறிவு பெற்ற ஒவ்வொருவருக்கும், மணமுறிவு இன்றிப் பிரிந்து வாழ்பவர்கள் இரண்டரைப் பேருக்கு மேல் உள்ளனர்.

இதைச் சிறிய அளவில் எண்ணிப் பார்க்கலாம். பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் நகரின் மக்கள்தொகை 2011இல் 73 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். நாட்டின் சராசரியை அப்படியே பொருத்தினால், அந்த அளவுள்ள ஓர் ஊரில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 80 பேர் இருப்பர். பிரிந்து வாழ்பவர்கள் 200 பேருக்கு மேல் இருப்பர். இது அவ்வூரின் உண்மைக் கணக்கு அன்று. விகிதத்தை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

ஆண், பெண் எண்ணிக்கை வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மணமுறிவிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிரிகின்றனர். ஆகவே இரு எண்ணிக்கைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பெண்கள் இரு மடங்காக இருப்பதற்கு முதன்மையான காரணம், ஆண்கள் மறுமணம் செய்து மீண்டும் 'மணமானவர்' பிரிவுக்குச் சென்றுவிடுவதே. பெண்கள் பழைய கட்டத்திலேயே தங்கிவிடுகின்றனர்.

'ஒரு விழுக்காடு' என்ற கூற்று

உலகிலேயே மிகக் குறைந்த மணமுறிவு விகிதம் இந்தியாவில்தான், அது ஒரு விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. இதில் மூன்று வெவ்வேறு அளவுகள் குழப்பப்படுகின்றன. முதலாவது, ஓராண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை மணமுறிவுகள் என்பது. அமெரிக்காவில் 2022இல் இது 2.4. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில் மணமுறிவு பெற்ற நிலையில் இருப்போரின் பங்கு. இந்தியக் கணக்கெடுப்பு தருவது இதைத்தான். மூன்றாவது, நடந்த திருமணங்களில் எத்தனை கடைசியில் முறிகின்றன என்பது. ஒரு நாட்டின் முதல் அளவை மற்றொரு நாட்டின் இரண்டாம் அளவோடு ஒப்பிடுவது, மழை பெய்த அளவை ஏரியின் நீர்மட்டத்தோடு ஒப்பிடுவது போன்றது.

நீதிமன்ற வழக்குகளின் எண்ணிக்கையும் மணமுறிவின் எண்ணிக்கை அன்று. குடும்ப நீதிமன்றங்களில் சீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, சேர்ந்து வாழ உத்தரவு கோரும் மனு முதலியனவும் நடைபெறுகின்றன. குறைந்த எண்ணிக்கை இல்லறம் நன்றாக இருப்பதையே காட்டும் என்றும் கொள்ள முடியாது. செலவு, காலத்தாழ்வு, உறவினர் பேச்சு, தங்கையின் திருமணம் தடைபடுமோ என்ற அச்சம் ஆகியவை பலரை நீதிமன்ற வாசலை மிதிக்காமல் செய்கின்றன.

வேறு வாசல்களுக்குச் செல்வோரும் உள்ளனர். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், தமக்கு நேர்ந்த குறையைத் தாளில் எழுதிக் கட்டும் 'பிராது கட்டுதல்' என்னும் வழக்கம் உண்டு. குறை தீர்ந்ததும் அந்தப் பிராதைத் திரும்பப் பெறுவதாக 'ராஜினாமா' செய்ய வேண்டும். நீதிமன்றச் சொற்களே கோயிலிலும் வழங்குகின்றன. ஆனால் இங்கே சொல்லப்படும் குடும்பத் துயரங்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் சேர்வதில்லை.

கணக்கும் உதவியும்

இந்த வகைப்பாடு வெறும் எண் விளையாட்டு அன்று. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975இல் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 1986இல் வந்தது. இதைப் பெற, சட்டப்படி மணமுறிவு பெற்றிருக்க வேண்டும். அல்லது குறைந்தது ஐந்து ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். கணவன் இறந்ததற்குச் சான்றிதழ் உண்டு. கணவன் சொல்லாமல் போய்விட்டதை மெய்ப்பிப்பது அவ்வளவு எளிதன்று. அந்த நிலையை மாநில அரசு 1986இல் ஏற்றுக்கொண்டது. தேசியக் கணக்கெடுப்பில் அதற்குத் தனிக் கட்டம் கிடைக்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பாளர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விக்குப் பெரும்பாலும் தந்தையோ அண்ணனோ மறுமொழி சொல்வார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மகளைப் பற்றி 'கல்யாணம் ஆயிடுச்சு' என்று அவர் சொன்னால், அவள் மணமானவளாகவே எண்ணப்படுவாள். சம்பந்தப்பட்ட பெண்ணிடமே கேட்டு எழுதப்படும் அளவுக்கே இந்தக் கணக்கு உண்மையை நெருங்கும்.