கடல் கடந்த உரிமையாளரும் பத்தாண்டு ஆட்சியும்: இலங்கை ஆட்சியுரிமைச் சட்டத்தின் வரலாற்றில் யாழ்ப்பாணக் காணிகள்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய காணியைப் பத்தாண்டு காலம் இடையூறின்றித் தன்னுடையதாக ஆண்டவர் அதன் உரிமையாளராக முடியும். அதே சட்டம் ‘கடல் கடந்திருத்தல்’ என்னும் நிலையை ஓர் இயலாமையாக ஏற்று, அந்நிலையில் உள்ள உரிமையாளருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. குடியேற்றவாதக் காலத்தில் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு, மலாயா செல்வோரின் காலத்திலும், 1983க்குப் பிந்திய போர் இடப்பெயர்வின் காலத்திலும் யாழ்ப்பாணக் காணியுரிமையை எவ்வாறு தொட்டது, எங்கே கைவிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போரால் பாதிக்கப்பட்டோருக்காக இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டத்தின் எல்லைகளும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஆட்சியுரிமை, கடல் கடந்திருத்தல், தேசவழமை, கூட்டுரிமை, இடப்பெயர்வு, யாழ்ப்பாணம்

முன்னுரை

காணியின் உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஆட்சி வேலியிலும் கிணற்றிலும் பனையிலும் தெரிகிறது. உரிமையாளர் ஊரில் வாழும்வரை இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருக்கும். அவர் நீண்டகாலம் வெளிநாட்டில் வாழ நேரும்போது உறுதி ஒருவரிடமும் ஆட்சி மற்றொருவரிடமும் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவு எத்தனை காலம் நீடிக்கலாம், எந்த நாளில் ஆட்சி உறுதியை வெல்லும் என்பதே ஆட்சியுரிமைச் சட்டம் விடை காணும் வினா. புலம்பெயர் வாழ்வு மூன்றாம் தலைமுறையை எட்டியுள்ள நிலையில், இவ்வினாவின் வரலாற்றுப் பின்னணியைத் தெளிவுபடுத்துதல் தேவையாகிறது.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்புலம்

ஒல்லாந்தர் இலங்கையில் நிலைநிறுத்திய உரோம-டச்சுச் சட்டத்தில், நீண்ட ஆட்சியினால் நிலவுரிமை பெறுவதற்கு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆங்கில ஆட்சி இந்தக் காலத்தைச் சுருக்கியது. 1822ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க ஒழுங்குவிதி பத்தாண்டு எல்லையை வகுத்தது. 1834ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதையடுத்து 1871ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த எல்லையையே பேணின. வாழ்நாளில் பாதியளவான ஒரு காலம், பிள்ளையொன்று பள்ளியில் சேர்ந்து உயர்வகுப்பை எட்டும் காலமாகக் குறைந்தது.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறும் குடியிருப்பை உரிமையாக ஏற்பதில்லை. ஆட்சி இடையறாததாகவும், உரிமையாளரின் உரிமைக்கு எதிரானதாகவோ அதனைச் சாராததாகவோ இருத்தல் வேண்டும். வாடகையோ விளைபொருளோ கொடுத்தல், சேவை செய்தல், அல்லது மற்றொருவரின் உரிமையை ஒப்புக்கொள்வதாக இயல்பாகக் கருதத்தக்க வேறு எச்செயலும் நிகழ்ந்திருப்பின் அந்த ஆட்சி எதிரிடை ஆட்சியாகாது. எனவே வளவில் விழுந்த தேங்காயில் ஒரு பங்கை உரிமையாளரின் தமக்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் வெறும் உறவு முறைமை மட்டுமன்று. அது நீதிமன்றத்தில் சான்றாகவும் நிற்கக்கூடியது. இத்தகைய கொடுப்பனவு எப்போது நின்றது என்பதே பின்னர் வழக்குகளில் மையக் கேள்வியாகிறது.

‘கடல் கடந்திருத்தல்’ என்னும் இயலாமை

சட்டத்தின் 13ஆம் பிரிவு, வழக்குத் தொடுக்கும் உரிமை முதலில் எழும் நேரத்தில் இளவயது, மனநலமின்மை, கடல் கடந்திருத்தல் ஆகிய நிலைகளில் இருப்பவருக்கு எதிராகப் பத்தாண்டுக் கணக்கு ஓடாது என்கிறது. இச்சொற்றொடர் ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்தது. 1623ஆம் ஆண்டின் ஆங்கிலக் காலவரையறைச் சட்டமே கடல் கடந்திருப்போருக்குச் சலுகை அளித்திருந்தது. கடிதம் சென்று சேர மாதங்கள் பிடித்த காலத்தின் ஏற்பாடு அது. நீராவிக் கப்பலும் தந்தியும் பரவிய பின்னர், நிலம் தொடர்பான வழக்குகளில் இந்தச் சலுகையை இங்கிலாந்து 1874இல் நீக்கிவிட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் இயற்றப்பட்ட இலங்கைச் சட்டத்திலோ அது நிலைத்துவிட்டது. தாய்ச் சட்டம் கைவிட்ட ஓர் ஏற்பாடு, பிற்காலத்தில் பெருந்திரளாகக் கடல் கடந்த ஒரு சமூகத்துக்குக் கவசமாக எஞ்சியது.

எனினும் இந்தக் கவசத்தில் நான்கு துளைகள் உள்ளன. முதலாவது, ஆக்கிரமிப்புத் தொடங்கும் நேரத்திலேயே உரிமையாளர் கடல் கடந்திருக்க வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போதே ஆக்கிரமிப்புத் தொடங்கி, பின்னர் அவர் வெளிநாடு சென்றால், ஓடத் தொடங்கிய காலம் நிற்பதில்லை. இரண்டாவது, இயலாமை முடிவுறும்போது பத்தாண்டுக் கணக்குத் தொடங்கிவிடும். மூன்றாவது, உரிமையாளர் வெளிநாட்டிலேயே இறந்தால் அந்த இறப்பிலிருந்து கணக்குத் தொடங்கும். அவருடைய வாரிசுகளும் வெளிநாட்டில் வாழ்கிறார்கள் என்பதற்காக மேலதிக காலம் வழங்கப்படுவதில்லை. நான்காவது, முப்பது ஆண்டு எதிரிடை ஆட்சி எந்த இயலாமையையும் மீறி முடிந்த முடிபான உரிமையாகிவிடும்.

இவற்றுள் மூன்றாவது துளையே இன்று மிகுந்த விளைவுடையது. தந்தையின் பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு இருப்பதைக் கேள்விப்பட்டு மட்டும் வளர்ந்த பிள்ளைகள், அவர் மறைந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடுவதை அறிவதில்லை. இறுதிக் கடன்கள் முடித்துச் சொத்துப் பற்றிப் பேசத் தயங்கும் ஆண்டுகளே சட்டத்தின் கணக்கில் கழியும் ஆண்டுகளாகின்றன.

தேசவழமையும் கூட்டுரிமையும்

யாழ்ப்பாணத்தின் வழமைகளை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அத்தொகுப்புக்குச் சட்ட வலு அளித்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடுகளின் வழியே சொத்து இறங்கியதால், ஒரே வளவில் பலருக்குப் பிரிக்கப்படாத பங்குகள் அமைவது இயல்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பணிக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவர்கள் அனுப்பிய பணம் ஊரில் காணியாகவும் கல்வீடாகவும் மாறியது. அவர்களுடைய பங்குகளை ஊரில் இருந்த சகோதரரோ மைத்துனரோ பராமரித்தனர். ஆகவே கடல் கடந்த உரிமையாளரின் காணியை ஆண்டவர் பெரும்பாலும் அந்நியரல்லர், உறவினரே.

இத்தகைய நிலையில் நீதிமன்றங்கள் வகுத்த கோட்பாடுகள் முக்கியமானவை. நகுடா மரிக்கார் எதிர் மொஹம்மது வழக்கில், முகவராகவோ பராமரிப்பாளராகவோ உட்புகுந்தவர் தம் நிலையை வெளிப்படையாக மாற்றிக்கொள்ளாதவரை எதிரிடை ஆட்சி தொடங்காது என்னும் கருத்து நிலைபெற்றது. கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் 1911இல் கோமறைக் கழகம், கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி சட்டப்படி அனைவரின் ஆட்சியே என்றும், மற்றவரை விலக்கியமை நிறுவப்பட்டாலன்றி ஆட்சியுரிமை கிட்டாது என்றும் தீர்த்தது. இத்தீர்ப்புகள் தொலைவிலிருந்த பங்காளிக்கு ஆதரவாயின. ஆனால் 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு, நீண்டகாலத் தனியாட்சியுடன் வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால் அத்தகைய விலக்கம் நிகழ்ந்ததாக ஊகிக்கலாம் என்று இடமளித்தது. வருமானத்தில் பங்கு கேளாமலும் காணியைப் பாராமலும் பல பத்தாண்டுகள் கழித்த பங்காளியின் நிலை இதனால் பலவீனமாயிற்று. பின்னர் 1994இல் சிராஜுதீன் எதிர் அப்பாஸ் வழக்கில், ஆட்சியுரிமை கோருபவர் தமது ஆட்சியின் தொடக்கப் புள்ளியைத் தாமே நிறுவ வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது.

கூட்டுரிமையில் மற்றோர் இடரும் உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் இறுதித் தீர்ப்பு, சட்டம் கூறும் சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் தரப்பினராக இல்லாதவரையும் கட்டுப்படுத்தும். அறிவித்தல் காணியில் நடப்படுகிறது. அதைப் பார்க்க வேண்டியவரோ வேறு நாட்டில் இருக்கிறார். தமது பங்கு தீர்ப்பில் விடுபட்டுப்போனதைப் பின்னர் அறிபவருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது இழப்பீட்டு வழக்கே, நிலமன்று.

காலத்தின் படிநிலைகள்

இலங்கைச் சட்டம் ஆட்சியை இழந்தவருக்கு ஒரே ஒரு காலவரையறையை வைக்கவில்லை. பல படிகளை வைத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, அமைதிக்குலைவு நேரக்கூடிய காணிப் பிணக்கில், முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்த முடியும். ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்குள் வழக்கிடுபவர் தமது உரிமையை நிறுவாமலே ஆட்சியை மீளப் பெறலாம். அதற்குப் பின்னர் உறுதிகளின் தொடரை நிறுவும் நீண்ட உரிமை வழக்கே வழி. பத்தாம் ஆண்டின் முடிவில் அந்த வழியும் அடைபடலாம்.

இப்படிகளை நோக்கினால், விரைவான பரிகாரங்கள் அனைத்தும் அருகில் இருப்பவருக்கே பயன்படுவன என்பது புலனாகும். வேலி நகர்ந்த செய்தி அயலார் வழியாக வெளிநாட்டை எட்டுவதற்குள் இரண்டு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. நம்பத்தக்க ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பி, சட்டத்தரணியை அமர்த்தி, காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுப்பதற்குள் ஓராண்டும் கழியக்கூடும். கடல் கடந்திருத்தல் என்னும் சலுகை பத்தாண்டு எல்லைக்கு மட்டுமே பொருந்துகிறது. இவ்விரு குறுகிய எல்லைகளை அது நீட்டுவதில்லை.

போரும் சட்டத்தின் முரண்பாடும்

1983க்குப் பின்னர் ‘இல்லாதிருத்தல்’ என்பதன் பொருளே மாறியது. மலாயா சென்றவர் விரும்பிச் சென்றார். ஓய்வூதியத்துடன் திரும்பும் நாளையும் எண்ணியிருந்தார். போரில் பெயர்ந்தவருக்கு இவ்விரண்டும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர். வெறுமையான வீடுகளில் வேறிடங்களிலிருந்து பெயர்ந்து வந்தோர் குடிபுகுந்தனர்.

இங்கே 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் முரண்பாடு வெளிப்படுகிறது. கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ குடியேறியவர் ‘கடல் கடந்தவர்’ ஆகையால் 13ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோரலாம். புத்தளத்தின் முகாமிலோ வன்னியிலோ இருந்தவர் அதே அளவு தம் காணியை அணுக முடியாதவர். ஆனால் கடலைக் கடக்கவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருக்கு இயலாமை இல்லை. வறியவராகவும் நாட்டுக்குள்ளேயே சிக்குண்டவராகவும் இருந்தவருக்குப் பத்தாண்டுக் கணக்கு ஓடியது. கடல் கடக்க வழி கிடைத்தவருக்கு அது நின்றது. தூரத்தைக் கடலால் அளந்த சட்டத்துக்குக் காவலரணால் அளக்கத் தெரியவில்லை.

இக்குறையை நீக்கும் நோக்கில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தவருக்கு எதிரான கணக்கில் அக்காலம் சேர்க்கப்படாது என அது விதித்தது. கடல் என்னும் நிபந்தனை இங்கே இல்லாமையால், நாட்டுக்குள் பெயர்ந்தோருக்கு முதன்முறையாகப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆயினும் இரு வரம்புகள் அதன் பயனைக் குறைத்தன. வழக்கிடுவதற்குச் சட்டம் வகுத்த காலம் இரண்டு ஆண்டுகளே. மேலும் நீதிமன்றத்தை நாட இயலாமைக்குப் பயங்கரவாதக் குழுவின் செயற்பாடே காரணமாக இருத்தல் வேண்டும். படை நடவடிக்கைகளாலும் உயர் பாதுகாப்பு வலயங்களாலும் பெயர்ந்தவர் அச்சொற்களுக்குள் அடங்குவாரா என்னும் ஐயத்துக்கு அதன் வாசகம் இடமளித்தது.

குடியிருப்பவரின் பக்கம்

இச்சிக்கலை உரிமையாளரின் இழப்பாக மட்டும் காண்பது முழுமையாகாது. பிறர் வீட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, கூரை வேய்ந்து, கிணறு இறைத்து, பிள்ளைகளை வளர்த்தவரும் பெரும்பாலும் தம் ஊரை இழந்தவரே. அகதிகளின் வீடு, நில மீட்பு குறித்த 2005ஆம் ஆண்டின் பின்ஹெய்ரோ நெறிமுறைகள் உரிமையாளரின் மீட்புரிமையை வலியுறுத்தும் அதே வேளை, இரண்டாம் நிலைக் குடியிருப்பாளர் தெருவில் விடப்படலாகாது என்றும் கூறுகின்றன. இவ்விரு நியாயங்களையும் ஒருசேரக் காக்கும் பொறுப்பு அரசுக்குரியது. அதனைப் பத்தாண்டுக் கணக்கிடம் விடும்போது, ஒருவரின் முழு இழப்பே மற்றவரின் முழு உரிமையாகிறது.

மறுபுறம், இழப்பை ஈடுசெய்யும் வழியும் குறுகியுள்ளது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கும் நெருங்கிய உறவினர் வழி வாரிசாக வருவோருக்கும் விலக்கு உண்டு. எனினும் இலங்கைக் குடியுரிமையை விட்டவர் ஆட்சியுரிமையால் இழந்த முதுசத்தை விலைகொடுத்து மீட்க எண்ணினாலும் அது எளிதன்று.

முடிவுரை

உறங்கும் உரிமையாளருக்கு எதிராகவே காலம் ஓட வேண்டும் என்பது ஆட்சியுரிமைச் சட்டத்தின் அடிப்படை. யாழ்ப்பாணத்தின் அனுபவம், உறங்கியவரையும் வரவிடாது தடுக்கப்பட்டவரையும் அச்சட்டம் பிரித்தறியவில்லை என்பதைக் காட்டுகிறது. 1871ஆம் ஆண்டின் ‘கடல் கடந்திருத்தல்’ புலம்பெயர்ந்தவரை ஒரு தலைமுறைக்கு மட்டும் காத்தது; நாட்டுக்குள் பெயர்ந்தவரைக் காக்கவேயில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டதேயன்றி முழுமையாகத் திருத்தவில்லை. 1990இல் தொடங்கிய ஆட்சிக்கு 2020இலும், 1995இல் தொடங்கிய ஆட்சிக்கு 2025இலும் முப்பது ஆண்டுகள் நிறைவடைந்துள்ளன. இதனால் 13ஆம் பிரிவின் பாதுகாப்பும் பலரிடமிருந்து நழுவிவிட்டது. இனி நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில், கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, ஆட்சி எந்நாளில் எவ்வாறு தொடங்கியது, உரிமையாளரின் உரிமை எச்செயலால் ஒப்புக்கொள்ளப்பட்டது என்னும் வினாக்களே காணியின் உரிமையைத் தீர்மானிக்கும். ஆகவே உறுதிகளோடு பழைய கடிதங்களும் குத்தகைச் சீட்டுகளும் விளைபொருட் கணக்குகளும் சேகரித்துப் பேணப்பட வேண்டிய வரலாற்று ஆவணங்களாகின்றன.