உள்ளியும் ஊசியும்: சுவாசப்பைப் பங்கசுக்களின் வரலாற்றில் கைவைத்தியம்

2021 மே மாதம், இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலை ஓய முன்னமே கறுப்புப் பங்கசு வந்து சேர்ந்தது. (தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘கருப்புப் பூஞ்சை’ என்று எழுதின. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.) நீரிழிவும் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த ஸ்ரெரொயிட்டும் சேர்ந்த உடம்புகளில், மூக்கிலும் கண்ணிலும் சிலருக்குச் சுவாசப்பையிலும் அது வளர்ந்தது. அதே நாட்களில் வட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றியது: படிகாரம், மஞ்சள், இந்துப்பு, கடுகெண்ணெய். பெரும்பாலும் குசினிச் சாமான்தான். வெங்காயத் தோலில் இருக்கிற கறுப்புத் தூள்தான் நோயைக் கொண்டுவருது எண்டு இன்னொரு செய்தி. அந்தத் தூளும் பங்கசுதான், ஆனால் வேறு இனம்.

இதைப் படிக்காத சனத்தின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது லேசு. ஆனால் பங்கசு நோய்களுக்கான கைவைத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்த வரலாற்றில் எங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது மஞ்சள் இல்லை, உள்ளி.

அதுக்கு முதல் கொஞ்சம் உயிரியல். பற்றீரியாவைக் கொல்லுறதை விடப் பங்கசைக் கொல்லுறது கஷ்டம். காரணம், பங்கசு எங்களுக்குக் கிட்டின சொந்தம். பற்றீரியாவின் கலச்சுவர் எங்கட உடம்பில் இல்லாத ஒன்று. பெனிசிலின் அதைக் குறிவைத்து அடிக்கும், எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பங்கசின் கலமென்சவ்விலோ எர்கொஸ்ரெரோல் இருக்கிறது, எங்கட கலமென்சவ்வில் கொலஸ்ரரோல். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி. ஒன்றை அடித்தால் மற்றதிலும் படும்.

உள்ளியை நசுக்கும்போது உண்டாகிற அலிசின், ஆய்வுகூடத் தட்டில் பல பங்கசுகளைக் கொல்லும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் விழுங்கின அலிசின் இரத்தத்தில் நிண்டு பிடிக்காது, சீக்கிரமே உடைந்து வேறு பொருளாகிவிடும். தட்டில் செத்த பங்கசு சுவாசப்பையிலும் சாகும் எண்டு சொல்ல ஏலாது.

‘இயற்கை மருந்து, இரசாயன மருந்து’ என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். 1950 இல் நியூயோர்க் மாநில ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரண்டு பெண்கள் நிஸ்ரற்றின் என்ற மருந்தை அறிவித்தார்கள். அதைத் தந்தது வேர்ஜினியாவில் ஒரு பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிர். ஒருவர் நியூயோர்க் நகரத்தில், மற்றவர் அல்பனியில் இருந்து, மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பியே வேலை செய்தார்கள். ஆனால் நிஸ்ரற்றின் குடலில் உறிஞ்சப்படாது, ஊசியாக ஏற்றினால் நஞ்சு. சுவாசப்பைக்கு உதவாது. அதற்கு உதவிய அம்போட்டெரிசின் பி அதே தசாப்தத்தின் நடுவில், வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது. ஆகவே இரண்டுமே மண்ணின் சரக்குகள்தான். எவ்வளவு கொடுத்தால் நோய் சாகும், எவ்வளவு கொடுத்தால் ஆள் சாகும் என்று அளந்து பார்த்திருந்தார்கள் என்பதே வித்தியாசம். அளந்த பிறகும் அது பொல்லாத மருந்து. குளிர்க்காய்ச்சல் வரும், சிறுநீரகம் பழுதாகும்.

இப்ப உள்ளிக்கு வருவம். கிரிப்ரோகொக்கசு என்ற பங்கசு பறவை எச்சத்தில் வாழும். தூசியோடு மூச்சில் ஏறிச் சுவாசப்பையில் தங்கி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் மூளையின் உறைகளுக்குப் போய் ஆளைக் கொல்லும். 1980 இல் சீனாவின் ஹுனான் மருத்துவக் கல்லூரி, இந்த மூளைச்சவ்வு அழற்சிக்கு உள்ளிச் சாற்றை வாயாலும் ஊசியாலும் கொடுத்துப் பார்த்த 21 நோயாளிகளின் முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. சிலர் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் அதை வைத்து உள்ளி வேலை செய்தது என்று முடிவெடுக்க முடியாது. ஆனாலும் இந்த மருத்துவர்களில் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. கையில் இருந்ததை நோயாளியில் பரிசோதித்து, எண்ணி, ‘முதற்கட்டம்’ என்று தலைப்பிலேயே எழுதி, மற்றவர்கள் சரிபிழை பார்க்கும்படி அச்சில் போட்டார்கள்.

அதே உள்ளி இருபது வருசத்துக்குப் பிறகு தென்னாபிரிக்காவில் வேறு வேலை செய்தது. எய்ட்ஸ் வந்தவர்களைக் கொல்லுகிறவற்றில் பங்கசுகள் முக்கியமானவை. 1981 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களில் கண்ட அபூர்வமான நியூமோனியாதான் எய்ட்ஸ் பற்றிய முதல் செய்தி. அந்த நியூமோசிஸ்ரிஸ் கிருமியும் ஒரு பங்கசு என்று பிறகுதான் தெரிந்தது. கிரிப்ரோகொக்கசு மற்றது. அதற்கான புளுகொனசோல் குளிசை பைசர் நிறுவனத்தின் காப்புரிமையில் இருந்தது. தென்னாபிரிக்க ஏழைகளுக்கு அந்த விலை எட்டாது. 2000 ஒக்ரோபரில் சாக்கி அஹ்மத் என்ற செயற்பாட்டாளர் தாய்லாந்துக்குப் போய், அங்கே மலிவாகச் செய்த அதே மருந்தை வாங்கி, காப்புரிமைச் சட்டத்தை வெளிப்படையாக மீறி நாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்த வருச முடிவில் பைசர் அரச வைத்தியசாலைகளுக்கு மருந்தை இலவசமாகத் தர ஒப்பந்தம் போட்டது.

அந்தக் காலத்திலேயே அந்த நாட்டின் சுகாதார அமைச்சர் மாந்தோ சபலாலா-மிசிமாங், எச்ஐவி உள்ளவர்களுக்கு உள்ளி, பீற்றூட், தேசிக்காய் என்று சிபாரிசு செய்துகொண்டிருந்தார். 2006 ரொரொன்ரோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாபிரிக்காவின் காட்சிக்கூடத்தில் இவற்றையே அடுக்கி வைத்தார்கள். எச்ஐவி மருந்துகளை அந்த அரசு இழுத்தடித்ததால் 2000க்கும் 2005க்கும் இடையில் 330,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். ஹுனானில் உள்ளியைக் கொடுத்தவர்கள் முடிவைப் பார்த்து எழுதினார்கள். பிரிற்றோரியாவில் அது மருந்து கொடுக்காததுக்கு ஒரு சாட்டு.

2020 டிசம்பரில் கேகாலையில் ‘கொரோனாப் பாணி’ வாங்க நின்ற கூட்டத்தையும், எங்கட சுகாதார அமைச்சரே அதைக் கமரா முன்னுக்குக் குடித்ததையும் நாங்கள் மறக்கேல்ல. அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. வரிசையில் நின்றவர்களை விட அமைச்சரில்தான் எங்களுக்குக் கோவம். தடுப்பூசி எப்ப வரும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர்.

மறுபடி 2021 இந்தியா. கறுப்புப் பங்கசுக்குச் சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுக்காத லிப்போசோமல் அம்போட்டெரிசின் வேணும். வழமையான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 6 குப்பி, மூன்று வாரத்துக்கு 126. சந்தையில் குப்பி இல்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு கொள்கை எழுதச் சொல்லி, இளையவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று டில்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. படிகாரமும் கடுகெண்ணெயும் சுற்றினது அந்தக் கிழமைகளில்தான். 126 குப்பி தேடி ஒன்றும் கிடைக்காத வீட்டில், கடுகெண்ணெய் மாத்திரம் கடையில் இருந்தது.

2022 இல் டொலர் இல்லாமல் போனபோது எங்கட வைத்தியசாலைகளிலும் துண்டு எழுதி, ‘வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ’ என்றார்கள். வெளியிலும் பல மருந்து இருக்கேல்ல.