கம்பியை உரிக்காமல் போட்ட முடிச்சு



ராமநாதபுரம், ராமேஸ்வரம் வரலாறு என்றால் நாம் கோவிலைப் பேசுவோம், சேதுபதிகளைப் பேசுவோம், பாம்பன் பாலத்தைப் பேசுவோம். இன்றைக்கு நான் எழுதப் போவது தெருக்கம்பத்தில் தொங்கிய ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. டெலிபோன்காரர்கள் அதை 'டி.பி. பாக்ஸ்' என்பார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கேபிள் அதில் வந்து முடியும். அங்கிருந்து வீட்டுக்கு வீடு இரண்டு கம்பி போகும். அந்தப் பெட்டிக்குள், கம்பியின் மேலுறையை உரிக்காமலே இணைக்கிற ஒரு முறை ஒரு காலத்தில் வந்து சேர்ந்தது. நம் கடற்கரை ஊர்களில் போன் ஒழுங்காகப் பேசியதற்கு அது ஒரு முக்கியமான காரணம். இதுவரை யாரும் அதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று பாம்பனிலோ மண்டபத்திலோ வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெயிண்ட் அடித்த கையோடு துரு எட்டிப் பார்க்கும். இரும்புக்குத் துரு என்றால் செம்புக்குக் களிம்பு. பூஜைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். உப்புக்காற்றில் அந்தப் பச்சைக் களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், களிம்பு கடத்தாது. ஒரு முழு நீளக் கம்பியில் மேலே களிம்பு பிடித்தாலும் உள்ளே மின்சாரம் ஓடிவிடும். இரண்டு கம்பிகள் சேருகிற இடத்தில் இடையே களிம்பு புகுந்தால்தான் ஆபத்து. ஆகவே கம்பியின் பலவீனம் எப்போதும் முடிச்சில்தான் இருக்கிறது.

தந்தி வந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை இருந்தது. 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னசி என்ற மருத்துவர் தந்திச் சோதனை செய்தார். ஹூக்ளி ஆற்றுக்குள் கம்பியைக் கொண்டுபோக அவர் கையாண்ட வழி வேடிக்கையானது. கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, அதன்மேல் தார்க்கயிறு சுற்றினார். பிறகு மலாயா காட்டு மரங்களிலிருந்து கிடைத்த 'கட்டாபெர்ச்சா' என்ற பால்பிசின் வந்தது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல் தண்ணீரில் கெடாது. உலகத்தின் ஆழ்கடல் தந்திக் கம்பிகள் எல்லாம் அந்தப் பிசினை நம்பித்தான் போடப்பட்டன. நம் பக்கத்துக் கடலிலும் 1850களின் இறுதியிலேயே இந்தியாவையும் இலங்கையையும் இணைத்துத் தந்திக் கம்பி போய்விட்டது. பாம்பன் ரயில் பாலம் திறந்து போட் மெயில் பயணம் தொடங்கிய 1914க்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே செய்தி கடலைத் தாண்டிவிட்டது.

அந்தக் காலத்தில் கடல் கம்பியில் ஒரு முடிச்சுப் போடுவது தனிக் கலை. பிசினை உரித்து, செம்பைச் சுரண்டி, ஈயப்பற்று வைத்து, பிசினைச் சூடாக்கிக் கையால் உருட்டிப் பொதிய வேண்டும். கையில் வியர்வை இருந்தால்கூட முடிச்சுக் கெட்டுவிடும். தரையில் கம்பம் நட்டு இழுத்த கம்பிக்கு மேலுறையே கிடையாது, பீங்கான் குப்பிதான் காப்பு. நம் கரையோரத்தில் அந்தக் குப்பியின் மேல் உப்புப் படியும். விடியற்காலைப் பனியில் உப்பு நனைந்தால் மின்சாரம் கசியும்.

கம்பி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 1964 டிசம்பர் 22 இரவு நமக்குக் காட்டியது. தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் ரயிலைக் கடல் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கொண்டுபோனது. தகவல் தொடர்பு அறுந்து போயிருந்ததால் நடந்தது என்ன என்று வெளியே தெரியவே தாமதமாயிற்று. அந்தப் புயலுக்கு எந்தக் கம்பியும் எந்தப் பெட்டியும் நின்றிருக்காது, அது வேறு. ஆனால் கம்பி அறுந்தால் ஒரு தீவு எப்படித் தனியாகிவிடும் என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்குத் தரைவழி என்றால் ரயில் மட்டும்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி டெலிபோனுக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் மேற்கு வங்காளத்தின் ரூப்நாராயண்பூரில் இந்துஸ்தான் கேபிள்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. அந்தக் காலக் கேபிளில் ஒவ்வொரு செப்புக் கம்பிக்கும் காகிதம்தான் மேலுறை, மொத்தத்துக்கும் வெளியே ஈயக்குழாய். ஈயத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், காகிதம் தண்ணீரை உறிஞ்சும், நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே மழையில் ஊமையாகும். கேபிள் ஜாயிண்டர்கள் குழிக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக உரித்து முறுக்கி, காகிதக் குழல் போட்டு மூடி, மேலே ஈயத்தை உருக்கி அடைப்பார்கள். கம்பத்துப் பெட்டியிலோ திருகாணி. கம்பி முனையை உரித்து, வளைத்து, திருகாணிக்கு அடியில் வைத்து முடுக்குவார்கள்.

அந்தத் திருகாணிப் பெட்டியை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் போன் இருந்தது. நான்கைந்து குடும்பங்களுக்கு அதுதான் 'பி.பி. நம்பர்'. வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை என்பதால், அன்றைக்கு மதியம் அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று பெண்களாவது குழந்தைகளோடு காத்திருப்பார்கள். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் போன் செத்துப் போனது. மூன்று வெள்ளிக்கிழமை ஆகியும் மணி அடிக்கவில்லை. ஒரு பெண்ணின் கணவர், வீட்டில் என்ன ஆயிற்றோ என்று பயந்து எழுதிய கடிதம்தான் முதலில் வந்து சேர்ந்தது. கடைசியில் லைன்மேன் அண்ணன் ஏணி போட்டுப் பெட்டியைத் திறந்தார். திருகாணிகள் எல்லாம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்த மாதிரி இருந்தன. அவர் உப்புத்தாளை எடுத்துச் சுரண்டி, திரும்ப முடுக்கிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை.

ஏன் அப்படி ஆனது? பாடத்தில் படித்ததை நினைவுபடுத்துகிறேன். செப்புச் சல்பேட்டுக் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயில் உள்ள தகடு கரையும். டெலிபோன் கம்பியில் ஓடுவது 48 வோல்ட் நேர்மின்சாரம். பெட்டிக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு கரைசல் தொட்டிதான், நேர்முனைக் கம்பி அரிக்கப்பட்டுவிடும். இதை முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் நேர்முனையைப் பூமியோடு இணைத்துவிட்டு, லைனை எதிர்முனையாக வைத்தார்கள். ஈர மண்ணுக்குள் செம்பு கரையாமல் காக்க அது உதவியது. ஆனாலும் ஒரே பெட்டிக்குள் அருகருகே நிற்கும் இரண்டு திருகாணிகளை அது காப்பாற்றவில்லை.

இதற்கு உலகத்தில் பலரும் வழி தேடினார்கள். அமெரிக்காவில் பெல் நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்திலேயே உரிக்காமல் இணைக்கும் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில், பெர்லினில் இருந்த குரோனே நிறுவனம் 1970களில் அதையே இன்னும் நுட்பமாக்கியது. அந்த முறைக்கு 'எல்.எஸ்.ஏ.' என்று பெயர். ஈயப்பற்று இல்லை, திருகாணி இல்லை, உரிப்பு இல்லை என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இந்தியாவிலும் பெங்களூரில் குரோனே பெயரில் தொழிற்சாலை நடந்தது. நம் ஊர் லைன்மேன்கள் வாயில் அந்தப் பலகைக்கே 'குரோன்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. மெல்லிய, வளையும் தன்மையுள்ள உலோகத் தகடு, அதன் மேல் வெள்ளிப்பூச்சு. தகட்டில் ஒரு பிளவு. அந்தப் பிளவின் அகலம் செப்புக் கம்பியின் தடிமனைவிடக் குறைவு. டெலிபோன் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலுறையோடு பிளவின் வாயில் வைத்து, அதற்கென்று உள்ள கருவியால் 'டக்'கென்று அழுத்தினால், பிளவின் இரண்டு ஓரங்களும் பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டு செம்பில் இலேசாகப் பதிந்து நிற்கும். எச்சமிருக்கும் கம்பியை அதே கருவி நறுக்கிவிடும். தகடு கம்பிக்கு 45 பாகை சாய்வாக இருப்பதால், வில் போல விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். வெயிலில் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் பிடி தளராது.

இதில் நம் கடற்கரைக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். உரிக்கும்போது கம்பி காற்றைப் பார்க்கிறது. இந்த முறையில் செம்பு வெளிப்படும் அந்தக் கணமே உலோகம் அதை அழுத்தி மூடிவிடுகிறது. தொடும் இடத்துக்குள் காற்றுக்கே வழி இல்லை, பிறகு உப்பு எங்கே நுழையும்?

அதே காலத்தில் கேபிளும் மாறியது. காகிதத்துக்குப் பதில் பாலிதீன் மேலுறை, கம்பிகளுக்கு இடையே தண்ணீர் புகாமல் 'ஜெல்லி' என்கிற பெட்ரோலியப் பசை. குழிக்குள் போடும் முடிச்சுக்கு 'யு.ஒய்.' என்ற பொத்தான் வந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இரண்டு கம்பிகளை உரிக்காமல் அதற்குள் செருகி, கொறடால் ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. உள்ளே இருக்கும் பசை கம்பியைச் சுற்றி வழிந்து ஈரத்தைத் தடுத்துவிடும். ஈயம் உருக்கிய அடுப்பு மறைந்தது.

இன்னொரு பக்கம், 1984இல் தொடங்கிய சி-டாட், ஏ.சி. இல்லாமலே ஓடக்கூடிய 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கி, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக நிறுவியது. அதைத் தொடர்ந்துதான் நாடு முழுவதும் கிராமங்களுக்கு போன் பரவியது, மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. சாம் பித்ரோடாவையும் சி-டாட்டையும் எல்லோரும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசிக் கம்பத்து முடிச்சில் களிம்பு பிடித்தால், கீழக்கரையில் இருக்கும் தாய்க்கு மகன் குரல் கேட்காது. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்த நம் ஊர்களுக்கு அந்த முடிச்சின் விலை தெரியும்.

மின்சாரத்திலும் இதே யோசனை வந்திருக்கிறது. கம்பத்தில் உறை போட்ட அலுமினியக் கம்பிகளைக் கொத்தாக இழுக்கிறார்கள் அல்லவா, அதிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்க, பல் வைத்த ஒரு கவ்வி இருக்கிறது. பற்கள் உறையைத் துளைத்து உள்ளே கடித்துக்கொள்ளும். போதுமான இறுக்கம் வந்ததும் போல்ட்டின் தலை தானே முறிந்து விழும், கூடவும் முடுக்க முடியாது, குறையவும் முடியாது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மேலே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும் உலோகம் என்பதால் அதற்கு இது மிகவும் பொருத்தம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முறை எல்லாவற்றுக்கும் ஆகாது. டெலிபோனில் ஓடுவது ஆம்பியரில் ஆயிரத்தில் சில பத்துப் பங்குதான். மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் ஓடுவது பல ஆம்பியர். அதற்கு அந்தந்தத் தடிமனுக்கென்று செய்த இணைப்பான்தான் வேண்டும். தடித்த கம்பி இருந்த பிளவில் பிறகு மெல்லிய கம்பியைச் செருகினாலும் பிடிக்காது. நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் கம்பியைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றி, மாடியில் வெட்ட வெளியில் விட்டுவிடுகிறார்கள். உப்புக்காற்றில் அந்த டேப் ஓராண்டில் பிசுபிசுத்துப் பிரியும். முடிச்சில் களிம்பு பிடித்தால் சூடேறும், சூடேறினால் தீப்பிடிக்கும். ஈரக் கையோடு தொட்டால் உயிர் போகும். ஒரு நல்ல இணைப்புப் பெட்டியின் விலை அதைவிடக் குறைவு.

இப்போது செப்புக் கம்பி போய் ஒளியிழை வந்துவிட்டது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கடலடியில் போனதும் ஒளியிழைதான். அதை இணைக்க மறுபடியும் உரிக்க வேண்டும். தலைமுடி தடிமனுள்ள கண்ணாடியைச் சுத்தம் செய்து, நுனிகளை மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறார்கள். ஆனால் உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கம்பியின் முனையைப் பாருங்கள். வெளியுறையை மட்டும் உரித்துவிட்டு, உள்ளே உள்ள எட்டு மெல்லிய கம்பிகளை உரிக்காமலே அழுத்தியிருப்பார்கள். கம்பத்துப் பெட்டியில் இருந்த அதே யோசனைதான்.

நம் மாணவர்களில் தொலைபேசித் துறையிலும் மின்வாரியத்திலும் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். மழையில் ஏணி மேல் நின்று நீங்கள் போட்ட முடிச்சுகளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் வராது. நீங்கள்தான் எழுத வேண்டும். எந்த ஊரில், எந்த வருஷம் திருகாணிப் பெட்டி மாறியது, உப்பு எதை முதலில் தின்றது என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்