நீள்வால் பக்கி: சிங்கப்பூர் இரவொலி ஒன்றின் அடையாளம்

நீள்வால் பக்கி இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை வாழும் இரவுப் பறவை. சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. உடல் பெரும்பாலும் சருகின் நிறம். பகலில் தரையில் அசையாமல் கிடக்கும். கூடு கட்டாமல் சருகின்மேலேயே முட்டையிடும். அதனால் கண்டவர்கள் குறைவு, கேட்டவர்கள் மிகுதி. பொழுது மங்கியதும், விடியலுக்கு முன்பும், தாழ்ந்த கிளையிலோ கம்பத்திலோ அமர்ந்து, பலகையைக் கட்டையால் தட்டினாற்போல ‘டொக், டொக்’ என்று ஒலிக்கும். மலாய்க்காரர்கள் இதைப் ‘பூரோங் துக்காங் குபுர்’, அதாவது குழிவெட்டிப் பறவை, என்பார்கள். இடுகாடுகளின் ஓரத்து மரங்கள் இதற்கு உகந்த இடம் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானது. ஆனால் அந்தப் பெயரே, உருவம் தெரியாத ஓர் உயிரின் ஒலியை அச்சத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டும் விட்டது.

இதன் வகைப்பாட்டு வரலாறு விரிவாகச் சொல்லத்தக்கது. லின்னேயஸ் 1758இல் பக்கிகளுக்கு வைத்த காப்ரிமுல்கஸ் என்ற பேரினப்பெயருக்கு ‘ஆட்டுப்பால் கறப்பது’ என்று பொருள். இரவில் ஆட்டு மடியில் பால் குடிக்கிறது என்று பழைய ஐரோப்பியர் பக்கிகள்மேல் சுமத்திய வீண்பழி அது. பட்டிகளைச் சுற்றி அவை தேடியது பூச்சிகளைத்தான். நீள்வால் பக்கிக்கு 1821இல் மேக்ரூரஸ் என்று பெயரிட்டவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு. அமெரிக்க மருத்துவரான அவர் ஜாவாவில் ஆய்வு செய்தபோது அவரை ஆதரித்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். சிங்கப்பூரில் இரவில் குரல் கொடுக்கும் இன்னும் இரண்டு பறவைகளுக்கும், புல்வெளிப் பக்கிக்கும் சுந்தாச் சிற்றாந்தைக்கும், அதே ஆண்டில் அறிவியல் பெயரிட்டவர் அவரே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஜெர்டன் பக்கியின் கதை இன்னும் முக்கியமானது. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1845இல் அதைத் தனியாக விவரித்தார். பின்வந்தவர்களோ இறகு ஒற்றுமையைக் கண்டு அதை நீள்வால் பக்கியின் உள்வகையாக அடக்கிவிட்டார்கள். இரண்டையும் மறுபடி பிரித்துக் காட்டியது குரல். சுந்தாச் சிற்றாந்தையும் இந்தியச் சிற்றாந்தையும் ஒன்றெனக் கருதப்பட்டுப் பின்பு தனித்தனி இனங்களானதிலும் குரலுக்கே பெரும்பங்கு. கண்ணால் காணாமல் எப்படி உறுதி சொல்வது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. இரவுப் பறவைகளும் ஒன்றையொன்று இருட்டில் குரலால்தான் தெரிந்துகொள்கின்றன. அவற்றின் இறகுகள் ஒளிவதற்கு உதவுபவை, இனத்தை அறிவிப்பவை அல்ல.

குரலில் எந்தக் கூறினை நம்புவது என்பதுதான் அடுத்த கேள்வி. தமிழ் மரபு இரண்டு கூறுகளைக் கவனித்தது. பல்லி சொல்லுக்குத் திசை பார்த்தார்கள். ஆந்தை அலறலுக்கு எண்ணிக்கை பார்த்தார்கள். பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்வது சங்க அகப்பாடல்களிலேயே இருக்கிறது. நிமித்தத்துக்கு அவை எப்படியோ போகட்டும், இனங்காண இரண்டும் உதவா. அடுக்குமாடிகள் நெருங்கிய ஊரில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால், எதிர்ப் புளோக்கில் கேட்பது பின்புறத்துக் காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். எண்ணிக்கையோ பக்கிக்கு ஒவ்வொரு தொடரிலும் மாறும். மலாயாவில் இப்பறவை அடுத்து எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். எண் நிலையாக இருந்திருந்தால் அந்தப் பந்தயத்துக்கு இடமே இல்லை. ஒலியின் தன்மையும் தொலைவில் மங்கும். அதை எழுதும்போது ஒருவர் ‘டொக்’ என்பார், இன்னொருவர் ‘சோங்க்’ என்பார். தொலைவோ சுவரோ கேட்பவரின் மொழியோ மாற்ற முடியாதது ஒலிக்கும் ஒலிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. ஆகவே இடைவெளியே முதல் சான்று, மற்றவை துணைச் சான்றுகள்.

எதிரொலி இடைவெளியையும் கெடுக்காதா என்று கேட்கலாம். கெடுக்காது: எதிரொலி ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒரே கால அளவில், மெலிந்து வரும், வலுத்த ஒலிகளை மட்டும் எண்ணினால் போதும். வேறு உயிர்களும் சீராக ஒலிக்கின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் அவற்றின் நடை வேறு. டோக்கே பல்லி கரகரப்பான முன்னொலியோடு தொடங்கி, ‘டோக்-கே’ என்று இரண்டசையாகச் சொல்லி, தளர்ந்து ஓயும். வீட்டுப் பல்லி, மலாயில் சிச்சாக், விரைவாகச் சிலமுறை ஒலித்து நின்றுவிடும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் விளக்கெரியும் கடைவீட்டுச் சுவர்களில் கேட்பது பெரும்பாலும் இதுதான். சிற்றாந்தை மென்மையாக ஒருமுறை கூவி, நெடுநேரம் இடைவெளி விட்டு மீண்டும் கூவும். புல்வெளிப் பக்கி பறந்தபடியே கூர்மையாகக் கீச்சிடும். குயிலின் கூவல் படிப்படியாக உயரும்; விடியலுக்கு வெகுமுன்பே சிராங்கூன் சாலை மரங்களில் அது தொடங்கிவிடும். பக்கி மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே உயரத்தில், ஒரே நடையில் தட்டும்.

சில வேளைகளில் பருவமும் இடமும் இடைவெளிக்குத் துணைவர வேண்டும். கனமழை ஓய்ந்த இரவில் வடிகாலிலிருந்து மாடு கத்துவதுபோல் எழுவது பட்டைத் தவளையின் குரல். இணைதேடும் ஆண்கள் நீரில் மிதந்தபடி தொண்டைப்பையை உப்பவைத்து எழுப்புவது. ஒருகாலத்தில் மாட்டுக்கொட்டகைகள் நிறைந்திருந்த வட்டாரம் தேக்கா. அதன் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதற்கே எருமைப்பட்டி என்றுதான் பொருள். இன்று அங்கே இரவில் அப்படியொரு குரல் கேட்டால் மழை பெய்ததா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பக்கிக்கோ ஈரத்தைவிட நிலவொளி முக்கியம்: நிலவு நாட்களில் இரவு ஏறியபின்னும் தட்டிக்கொண்டிருக்கும். காட்டோரமும் திறந்த தரையும் அதற்கு வேண்டும் என்பதால் கடைவீடுகள் நெருங்கிய தெருவில் அது தங்காது. 1922இல் திறந்து 1973இல் மூடப்பட்ட புக்கிட் பிரவுன் இடுகாடு போன்ற இடங்களே அதன் பழைய உறைவிடங்கள்.

இன்று கைப்பேசிச் செயலிகளும், 2005இல் தொடங்கிய ஸீனோ-கான்டோ என்ற பறவையொலித் தொகுப்பும் கேட்ட குரலை ஒப்பிட உதவுகின்றன.