எங்களுக்குப் பிறகு யார்?

மாணவர்களே! வேலூர் என்றவுடன் கோட்டையும் 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும் உங்கள் நினைவுக்கு வரும். ஆம்பூர் என்றால் தோல் தொழில். இன்று நான் சொல்லப் புகுவது பாடநூல்களில் இடம்பெறாத ஒரு வரலாறு. அறிவு வளர்ச்சி குறைந்து பிறந்தோர், வளர்ந்து பெரியவர்களான பின் எங்கே, யாருடன், எத்துணைப் பாதுகாப்போடு வாழ்ந்தனர் என்பதே அது.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். மனநோய் என்பது இடையில் வருவது, மருந்தால் தணியக்கூடியது. அறிவுத்திறன் குறைபாடோ பெரும்பாலும் பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றி வாழ்நாள் முழுதும் உடன் வருவது. அதற்கு வேண்டுவது மருந்தைவிடப் பயிற்சியும் துணையுமே. ஆனால் நம் நாட்டை ஆண்ட வெள்ளையர் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கட்டியது. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் 16 பேருக்கென ஒரு காப்பகம் வைத்தார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் எழுந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவு குறைந்தோரையும் ‘பித்தர்’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கிற்று. இந்நிலை 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் வரும்வரை நீடித்தது.

இந்நிலையில் வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957-இல் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை அங்கு நிறுவியவர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் கனடா நாட்டு அம்மையார். நோயாளியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு உறவினர் ஊர் திரும்புவதே அக்கால வழக்கம். இங்கோ, உறவினர் ஒருவர் உடன் தங்கவேண்டும் என்னும் முறை ஏற்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் என்பவர், இராணுவத்திடம் கூடாரங்களை இரவல் வாங்கி, மருத்துவமனைத் திடலில் குடும்பங்களைக் குடியமர்த்தினார். மேலைநாடுகள் பெருஞ்செலவில் மாளிகை போன்ற காப்பகங்களை நடத்திக்கொண்டிருந்த நாளில், கூடாரத்துணியையும் தாயின் கையையும் நம்பி நடந்த முயற்சி இது! பாகாயத்திலேயே அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்காக ‘நம்பிக்கை நிலையம்’ பின்னர் அமைந்தது. அங்கே பெற்றோரும் குழந்தையோடு தங்கி, பல் துலக்குவது, உடை அணிவது, பேசுவது ஆகியவற்றைக் கற்பிக்கும் முறையைப் பயில்கின்றனர்.

ஈண்டு என் குற்றம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஆம்பூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். தந்தை, டேனரி என்று மக்கள் வழங்கும் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். பையனுக்கு எழுத்து ஏறவில்லை. பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த உளவியல் அன்று எனக்குத் துணைநிற்கவில்லை. “பள்ளிக்கூடம் இவனுக்குச் சரிப்படாது, அம்மா” என்று அவன் தாயிடம் கூறிவிட்டேன். அவன் நின்றுவிட்டான். பல ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தில் அந்த அம்மையார் என்னைக் கண்டு கும்பிட்டார். அருகே நெடிய இளைஞனாய் அவன் நின்றான். “சார், நான் கண்ணை மூடிட்டா இவனுக்கு யார் சார் சோறு போடுவாங்க?” என்றார். என்னிடம் விடை இல்லை.

விடை தெரியாத குடும்பங்கள் என்ன செய்தன? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தோருக்காகத் தனியார் காப்பகங்கள் பல பெருகியிருந்தன. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளிகள் என்று அறியப்பட்டவர்கள். ஆயினும், வீட்டில் வைத்துக்கொள்ள இயலாதவரை எங்கேனும் ஒப்படைத்துவிடும் நிலை இருசாராருக்கும் பொதுவன்றோ? உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எந்த உருவிலும் சங்கிலி கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டவட்டமாகக் கூறியது.

ஏழ்மையே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைந்தோர் 24 பேர் தங்கக்கூடியது. ஒருவருக்கு வாரம் சராசரி 3,500 பவுன் கட்டணம். 2011-இல் பி.பி.சி. நிறுவனம் மறைகாமிராவால் எடுத்த படம், ஊழியர் அவர்களை அடித்ததையும் வதைத்ததையும் உலகுக்குக் காட்டியது. 11 பேர் தண்டனை பெற்றனர். அங்கே பணிபுரிந்த செவிலியர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தும், கண்காணிக்கவேண்டிய அமைப்பு அசட்டையாக இருந்துவிட்டது. பார்க்க வந்த உறவினரை நோயாளிகளின் அறைகளுக்குள் விடவில்லை என்பதையும் விசாரணை வெளிப்படுத்தியது. ஏர்வாடியில் கீற்று, அங்கே செங்கல். இரண்டிலும் தாயின் கண் எட்டாத இடம் ஒன்று இருந்தது. ஒரு விடுதியின் தரத்தை அளக்க நான் முதலில் கேட்கும் கேள்வி, உறவினர் எந்நேரமும் படுக்கையறை வரை செல்லலாமா என்பதே. இரவில் உடன் தங்குபவர் யார், தீ எழுந்தால் கதவைத் திறப்பவர் யார் என்பன அடுத்தவை. சுவரின் வண்ணத்தை நான் கேட்பதில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு நம் சட்டம் 1999-இல் ஒருவாறு விடை தேடியது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் எனப்படும் அச்சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர்க் குழு, பதினெட்டு வயது நிரம்பியவருக்கும் தேவையானால் பாதுகாவலரை நியமிக்கலாம். பாதுகாவலர் ஆறு திங்களுக்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்கவேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும், புறக்கணித்தால் நீக்கப்படுவார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, எவரையும் இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் எனக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. ஆனால் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கே ஓய்வு பெற்றபின்தான் தெரிந்தது.

தெரிந்தவுடன் ஆம்பூருக்குச் சென்று அந்த அம்மையாரைத் தேடினேன். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டமையால், திருப்பத்தூருக்கே விண்ணப்பத்தைக் கொண்டுபோனோம். இப்போது தம்பிதான் அவனுக்குப் பாதுகாவலன். நியமன ஆணையைத் தாயார் குடும்ப அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். தம்பி ஒரு நோட்டில் செலவெழுதுகிறான். சென்ற மாதம் நான் புரட்டிப் பார்த்தபோது, முடிவெட்ட, செருப்பு வாங்க, பிரியாணி என்று மூன்று வரிகள் இருந்தன. “பிரியாணி அவனே கேட்டான் சார்” என்றான் தம்பி.