பொம்மையின் பார்வை

ஸ்விட்சர்லாந்தில் நூஷாடெல் என்ற ஊரின் பொருட்காட்சி சாலையில் ஒரு சிறுவன் மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறான். வெறுங்கால், கையில் வாத்து இறகுப் பேனா. கடிகாரக்காரர் பியர் ஜாக்கே-திரோவும் அவர் கூட்டத்தாரும் செய்து 1774-ல் ஜனங்களுக்குக் காட்டிய பொம்மை அது. உடம்புக்குள் சுமார் 6000 உறுப்புகள். மையைத் தொட்டு, பேனாவை உதறி, 40 எழுத்துக்குள் எதை அமைத்துக் கொடுத்தாலும் எழுதுவான்.

ஆச்சரியந்தான். ஆனால் சலனப் படத்தில் அவனைப் பார்த்தபோது என்னைக் கட்டிப்போட்டது எழுத்தல்ல, கண். பேனா நகர நகரக் கண்ணும் நகர்கிறது. அவனுக்குக் கண் எதற்கு? துணியால் கட்டிவிட்டாலும் அதே வரியைத்தான் எழுதுவான். ஆயினும் அந்தக் கண் இல்லாவிட்டால் நாம் யந்திரம் என்றிருப்போம், இருப்பதனால், "பாவம், குழந்தை எவ்வளவு கவனமாய் எழுதுகிறது!" என்கிறோம்.

எதிரே ஒருவர் நிற்கிறாரா இல்லையா என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அது தெரிந்த யந்திரம் ஒன்று இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது.

1990-களின் கடைசியில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிந்தியா பிரேஸீல் என்ற பெண்மணி கிஸ்மெட் என்றொரு யந்திரத் தலையைச் செய்தார். தோலில்லை, உடம்பில்லை. சிவந்த உதடு, ரோஜா நிறக் காது, பெரிய நீலக் கண்கள். அழகென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கண்ணுக்குள் காமிரா! முகமோ, அசைகிற பொருளோ, பளிச்சென்ற நிறமோ தெரிந்தால் அந்தப் பக்கம் திரும்பும். தான் பேசத் தொடங்கும்போது பார்வையை விலக்கிக்கொள்ளும். முடித்ததும் மறுபடி நம் கண்ணைப் பார்க்கும். 'இனி உன் முறை' என்று அர்த்தம். பேசியது என்னவோ அர்த்தமில்லாத மழலை! அதற்காக வளர்ந்த மனிதர்கள் வாய்மூடிக் காத்திருந்தார்கள். குரலைக் குழைத்துக் கொஞ்சினார்கள்.

இன்னொரு சங்கதி. மிக அருகே போனால் கிஸ்மெட் பின்வாங்கும். உடனே எதிரே இருப்பவரும், 'அடடா, நெருங்கிவிட்டோமே' என்று நகர்ந்துகொள்வார். உண்மையில், கிட்டத்தில் வந்ததை அந்தக் காமிராக்களால் சரியாகப் பார்க்க முடியாது. வேண்டிய தூரத்தை நம் மரியாதையைக்கொண்டே வாங்கிவிட்டார்கள்!

இதை ஏமாற்று என்று சொல்ல மனம் வரவில்லை. பிரேஸீல் அம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியே வைத்தார். நானும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன். கிஸ்மெட் தலையைப் பின்னுக்கு இழுத்தபோது நானும் நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த என் மனைவி சிரித்தாள்.